பெயின்ட் அடிப்பதா, அட்டைப்பெட்டியிலேயே வைப்பதா? மாடல் ரயில் வைத்திருப்பவர்களுக்கு

பிரிட்டிஷ் மாடல் ரயில் நிறுவனமான ஹார்ன்பியின் என்ஜின் ஒன்று வாங்கியாயிற்று. பக்கவாட்டில் அச்சடித்திருக்கும் எண்ணை அழித்து நமக்குப் பிடித்த எண்ணைப் போட ஆசை. கொஞ்சம் கரியும் துருவும் பூசி உழைத்த வண்டி மாதிரி ஆக்க ஆசை. உள்ளே ஒரு சவுண்ட் டீகோடர், அதாவது டிஜிட்டல் கட்டளைப்படி ஓட்டி என்ஜின் சத்தமும் எழுப்பும் சின்ன மின்பலகை, வைத்தால் இன்னும் நன்றாக இருக்கும். ஆனால் பிரஷ்ஷைக் கையில் எடுத்ததுமே அந்தக் கேள்வி வந்துவிடும்: நாளைக்கு விற்க நினைத்தால் பாதி விலைக்காவது போகுமா?

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடந்த முப்பது நாற்பது வருடங்களில் தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கில் தயாரான பிளாஸ்டிக் மாடல் என்றால் தயங்காமல் கை வையுங்கள், நீங்கள் காப்பாற்ற நினைக்கும் மதிப்பு பெரும்பாலும் அதில் இல்லவே இல்லை. 1960க்கு முன் வந்தது, அசல் பெயின்ட்டோடு இருக்கிறது என்றால் தொடாதீர்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பவற்றுக்குத்தான் யோசனை தேவை.

முதலில் பணக் கணக்கு. ஒரு பேச்சுக்கு, 200 பவுண்டு கொடுத்துப் புதிதாக வாங்கிய என்ஜின், கை படாமல், அட்டைப்பெட்டியும் காகிதங்களும் சேர்த்து விற்றால் 130 கிடைக்கும் என்று வைத்துக்கொள்வோம். எண்ணை மாற்றி, அழுக்கு பூசி, டீகோடர் வைத்து விற்றால் 90. பலரும் இங்கே 200ஐ நினைத்துப் பயப்படுகிறார்கள். அந்த 70 பவுண்டு நீங்கள் கடையை விட்டு வெளியே வந்தபோதே போய்விட்டது, அதற்கும் உங்கள் பிரஷ்ஷுக்கும் சம்பந்தம் இல்லை. கை வைத்ததற்கான விலை 130க்கும் 90க்கும் இடையிலுள்ள 40 பவுண்டு மட்டும்தான். பத்து வருடம் அந்த என்ஜின் உங்கள் லேஅவுட்டில் (வீட்டில் அமைத்த மாடல் ரயில் பாதையில்) ஓடப்போகிறது என்றால் வருடத்துக்கு 4 பவுண்டு. இதைக் கணக்குப் போட்டுப் பார்த்த பிறகும் அட்டைப்பெட்டியை மூடி வைக்கத் தோன்றினால் சரி, அது உங்கள் விருப்பம், ஆனால் பணத்துக்காக வைக்கிறேன் என்று சொல்லாதீர்கள்.

அந்த 130 கூட நிலையானது இல்லை. புகழ்பெற்ற என்ஜின்களை நிறுவனங்கள் திரும்பத் திரும்ப வெளியிடுகின்றன. ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மேனையே எடுத்துக்கொள்ளுங்கள். நிஜ என்ஜின் 1923ல் டான்காஸ்டர் பட்டறையிலிருந்து வந்தது. ஹார்ன்பி அதை எத்தனை நிறத்தில், எத்தனை பதிப்பில், எத்தனை வார்ப்பு அச்சில் விற்றிருக்கிறது என்று எண்ண ஆரம்பித்தால் பொழுது போய்விடும். நூற்றாண்டை ஒட்டி 2023லும் புதிதாக வந்தது. ஒவ்வொரு முறை மேலும் நுணுக்கமான அச்சு வரும்போதும் பழையது செகண்ட் ஹேண்ட் சந்தையில் இறங்குகிறது. அதைச் செல்லோபேன் பிரிக்காமல் பத்திரமாக வைத்தவருக்கும், வீட்டுப் பிள்ளைகளோடு சேர்ந்து ஓட்டித் தேய்த்தவருக்கும் அந்த இறக்கம் பொதுதான். சான்றிதழோடு வரும் "லிமிடெட் எடிஷன்" மாடல்களிலும் எனக்குப் பெரிய நம்பிக்கை கிடையாது. வாங்கிய எல்லோருமே பத்திரப்படுத்தி வைக்கும் பொருள் எப்படி அரிதாகும்?

அரிதாவது அதற்கு நேர்மாறான வழியில். யாரும் விரும்பாமல், குழந்தைகள் உடைத்துப் போட்டு, தூக்கி எறிந்து, மிஞ்சியது கொஞ்சமாக இருக்க வேண்டும். இதற்கு நல்ல சாட்சி அமெரிக்காவின் லயோனல் நிறுவனம் 1957ல் போட்ட செட். பெண் குழந்தைகளுக்கென்று ரோஜா நிற நீராவி என்ஜின், பின்னால் வெளிர் நீலம், வெளிர் மஞ்சள் என்று வேகன்கள். யாரும் வாங்கவில்லை. சிறுமிகளுக்கும் நிஜ ரயில் நிறத்தில் இருக்கும் ரயில்தான் பிடித்தது என்று சொல்வார்கள், விற்காமல் தங்கியவற்றுக்குச் சில கடைக்காரர்களே கருப்படித்து விற்றதாகவும் ஒரு பேச்சு உண்டு. இன்றைக்கு அசல் ரோஜா நிறத்தில் ஒன்று வந்தால் அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் போட்டி போடுகிறார்கள். அதனாலேயே சாதாரணக் கறுப்பு என்ஜினுக்கு ரோஜா நிறம் அடித்து ஏமாற்றி விற்பவர்களும் வந்துவிட்டார்கள். மறுபடி பெயின்ட் அடித்த பழைய ரயிலை வாங்குபவர்கள் ஏன் சந்தேகத்தோடு பார்க்கிறார்கள் என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டாம். இந்த வகைப் பொருளில் உதிர்ந்த அசல் பெயின்ட்டுக்கு, பளபளக்கும் புதுப் பெயின்ட்டைவிட அதிக விலை. கீறல் இருக்கட்டும், மூலையில் தகரம் தெரியட்டும், விட்டுவிடுங்கள். இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய ஹார்ன்பியின் ஓ கேஜ் என்ற பெரிய அளவுத் தகர ரயில், 1938ல் தொடங்கிய ஹார்ன்பி டப்ளோவின் ஆரம்ப கால என்ஜின்கள், பழைய மெர்க்லின் எல்லாம் இந்தப் பட்டியல்தான். ஒரு துணியால் தூசு தட்டலாம், எண்ணெய் விடலாம், மோட்டாருக்குள் தேய்ந்த கார்பன் பிரஷ்ஷை மாற்றலாம். அதற்கு மேல் வேண்டாம். தாத்தா வைத்திருந்த ரயில் கையில் வந்திருக்கிறது, அதைப் புதுசு போல் ஆக்கிக் குடும்பத்துக்குக் காட்ட வேண்டும் என்ற ஆசை எவ்வளவு இயல்பானது என்று தெரியும். இருந்தாலும் வேண்டாம்.

மெர்க்லினில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. ஜெர்மனியில் கோப்பிங்கன் ஊரைச் சேர்ந்த இந்த நிறுவனத்தின் ரயில்கள் மாறுமின்சாரத்தில், தண்டவாளத்தின் நடுவில் இருக்கும் தொடர்பிலிருந்து மின்சாரம் எடுத்து ஓடுபவை. சுவிஸ் மலைப்பாதை மின் என்ஜினின் மாடலான 'முதலை' 1947லிருந்து அவர்களுடைய பெருமைக்குரிய பொருள். பழைய முதலையை இன்றைய டிஜிட்டல் கட்டுப்பாட்டில் ஓட்ட வேண்டுமென்றால் உள்ளே இருக்கும் திசைமாற்றும் ரிலேயைக் கழற்றி அந்த இடத்தில் டீகோடர் வைப்பார்கள், பல சமயம் மோட்டாரின் சுருளை எடுத்துவிட்டு நிலைக்காந்தம் பொருத்துவார்கள். வெளியே ஒரு கீறல் கூட இருக்காது. ஆனாலும் தெரிந்தவர் வாங்கும்போது கேட்கும் முதல் கேள்வி "ரிலே எங்கே?" என்பதுதான். கழற்றியதை ஒரு சின்ன ஜிப் கவரில் போட்டு, எந்த என்ஜினுடையது என்று எழுதி, அதே அட்டைப்பெட்டியில் வைத்திருந்தால் பிரச்சினை இல்லை, அவர் திரும்பப் பொருத்திக்கொள்வார். தூக்கிப் போட்டுவிட்டால் அதோடு விலையிலும் ஒரு பகுதி போயிற்று.

என்னைக் கேட்டால் முடிவெடுப்பதில் முக்கால் பங்கு இங்கேதான் இருக்கிறது: செய்வதைத் திருப்ப முடியுமா, முடியாதா. மாற்றம் எவ்வளவு பெரிது என்பது இரண்டாம் விஷயம்தான். மிகப் பெரிதாகத் தெரியும் மாற்றம் முழுதாகத் திரும்பிவிடும். கண்ணுக்கே தெரியாத ஒன்று ஒருபோதும் திரும்பாது.

டீகோடரில் தொடங்குவோம். இப்போது வரும் என்ஜின்களில் எட்டு பின், 21 பின், நெக்ஸ்ட்18 என்று ஏதாவது ஒரு சாக்கெட் இருக்கிறது. மேல்மூடியைக் கழற்றி, அதில் செருகியிருக்கும் வெற்றுப் பலகையை எடுத்துவிட்டு டீகோடரைச் செருகினால் முடிந்தது. அந்தப் பலகையைப் பத்திரமாக வைத்திருந்தால் நாளை திருப்பிச் செருகிப் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிடலாம், மதிப்பு ஒரு காசு குறையாது. இன்னொன்று, நல்ல சவுண்ட் டீகோடர் ஒன்று சுமார் நூறு டாலர் வரும், என்ஜினோடு சேர்த்து விற்றால் அந்த நூறு ஒருபோதும் திரும்பி வராது. கழற்றித் தனியாக விற்பதோ அடுத்த என்ஜினுக்கு வைத்துக்கொள்வதோதான் புத்திசாலித்தனம். பழைய என்ஜின் விஷயம் வேறு. சாக்கெட் இல்லை, இடமும் இல்லை. உள்ளே இருக்கும் உலோகச் சட்டத்தை அரத்தால் ராவி, ஸ்பீக்கருக்கு இடம் பண்ணி, கம்பிகளை நேராகப் பற்றவைக்க வேண்டும். ராவிய உலோகம் திரும்ப வராது. அதையும் நான் வேண்டாம் என்று சொல்லவில்லை, செய்வதற்கு முன் அது எந்த வகை என்ஜின் என்று பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

கப்ளிங், அதாவது வண்டிகளை இணைக்கும் கொக்கியை, மாற்றுவது பற்றிப் பயப்படவே வேண்டாம். அமெரிக்க எச்ஓ (1:87 அளவு) ரயில்களில் கேடி நிறுவனத்தின் கப்ளர் போட்டிருந்தால் வாங்குபவர் சந்தோஷப்படுவார், அவர் எப்படியும் அதைத்தான் மாற்றியிருப்பார். ஐரோப்பிய மாடல்களில் என்இஎம் 362 என்ற தரப்படுத்திய கப்ளிங் பாக்கெட் இருந்தால் இழுத்து எடுத்து வேறொன்றைச் செருக வேண்டியதுதான். பாக்கெட் இல்லாத பழைய வேகனின் முன்பக்கத்தை அறுத்துத் திருகு போடும்போதுதான் கை கொஞ்சம் நடுங்க வேண்டும்.

பிரிட்டிஷ் என்ஜின்களில் பெயர்ப்பலகை ஒரு அழகு. அச்சடித்த பெயருக்கு மேல், செதுக்கிய பித்தளைப் பலகையை வாங்கி ஒட்டுவார்கள், ஒட்டிய மறுநிமிடமே என்ஜினுக்கு உயிர் வந்த மாதிரி இருக்கும். சூப்பர் க்ளூவுக்குப் பதிலாகத் தண்ணீரில் கரையும் வெள்ளைப் பசையால் ஒட்டினால் பிறகு நெம்பி எடுத்துவிடலாம், கீழே அசல் அச்சு அப்படியே இருக்கும். எண்ணை மாற்றுவது அப்படியில்லை. அச்சடித்த எண்ணைக் கரைப்பானால் தேய்த்து எடுக்கும்போது கீழே இருக்கும் பெயின்ட்டின் பளபளப்பும் மாறுகிறது, டெகால் (தண்ணீரில் நனைத்து ஒட்டும் எழுத்துப் படலம்) ஒட்டி மேலே வார்னிஷ் அடித்தால்தான் அது மறையும். இது திரும்பாது. ஆனாலும் எனக்கு மிகவும் நியாயமாகப் படும் மாற்றம் இதுதான், ஏனென்றால் ஒரே வகை நிலக்கரி வேகன் பன்னிரண்டு வாங்கி, பன்னிரண்டிலும் ஒரே எண் இருந்தால், உண்மையான ரயில்வே போலச் சரக்குச் சீட்டு வைத்து ஓட்டுபவருக்கு எதை எங்கே கழற்றிவிடுவது என்றே தெரியாது. அந்த விளையாட்டே எண்ணில்தான் இருக்கிறது. வேகன் ஒன்றின் மறுவிற்பனை விலையும் பெரிதல்ல.

வெதரிங், அதாவது அழுக்கும் துருவும் பூசுவதுதான் எப்போதும் சண்டை கிளப்பும் விஷயம். பவுடரை மட்டும் தூவி, மேலே வார்னிஷ் அடிக்காமல் விட்டால் ஈரத் துணியால் பெரும்பாலும் துடைத்துவிடலாம், தயங்குபவர்களுக்கு நல்ல தொடக்கம் அது. மேட் வார்னிஷ் அடித்துவிட்டால் நிரந்தரம். நன்றாகச் செய்தது விலையைக் கூட்டும், சுமாராகச் செய்தது குறைக்கும். பெயர் தெரிந்த கைகள் செய்த என்ஜின்கள் புதிய விலையைவிட அதிகத்துக்குப் போவதுண்டு, பாக்மன் போன்ற நிறுவனங்களே அழுக்கு பூசிய பதிப்புகளை விற்கின்றன. ஆனால் தொழிற்சாலை வெதரிங் பெரும்பாலும் கீழ்ப்பகுதி முழுக்க ஒரே பழுப்பைத் தெளித்த மாதிரி இருக்கும். நிஜத்தில் எந்த வண்டியும் அப்படிச் சீராக அழுக்காவதில்லை, புகைபோக்கியைச் சுற்றி ஒரு விதம், தண்ணீர் வழிந்த இடத்தில் வெள்ளைக் கோடு, ஆட்கள் கால் வைத்து ஏறும் படியில் தேய்மானம் என்று இடத்துக்கு இடம் வேறுபடும். கலிபோர்னியாவின் மான்டரே ஊரில் தன் லேஅவுட்டைக் கட்டிய ஜான் ஆலன், பளபளக்கும் பொம்மை ரயிலே அழகு என்று பலரும் நினைத்த காலத்தில் இதைச் செய்து காட்டியவர். அவருடைய புகைப்படங்களைப் பார்த்துத்தான் ஒரு தலைமுறையே தூரிகை எடுத்தது. அவர் 1973 ஜனவரியில் இறந்தார், சில நாட்களிலேயே அந்த லேஅவுட் தீயில் போனது. அவர் செய்த அழுக்கின் மறுவிற்பனை மதிப்பு பற்றி இன்று யார் பேசுகிறார்கள்?

திரும்பவே திரும்பாத மாற்றம் என்றால் சக்கரம். பிரிட்டிஷ் ஓஓ அளவு 1:76, ஆனால் தண்டவாள இடைவெளி எச்ஓவின் 16.5 மில்லிமீட்டரே, அளவுப்படி 18.83 இருக்க வேண்டும். இந்தக் குறுகல் கண்ணை உறுத்தும் சிலர் எல்லாச் சக்கரத்தையும் அச்சாணியையும் மாற்றி, பிரேக் கட்டைகளை நகர்த்தி பி4 என்ற சரியான அளவில் ஓட்டுகிறார்கள். பக்கத்தில் நின்று பார்த்தால் வித்தியாசம் அபாரம், எனக்கு அவர்கள்மேல் பெரிய மரியாதை உண்டு. ஆனால் அந்த என்ஜினை வாங்கக்கூடியவர் இன்னொரு பி4 ஆள் மட்டும்தான், அவரும் பெரும்பாலும் தானே செய்துகொள்ளும் ரகம். அந்த வழியில் போகிறவர் விற்கும் எண்ணத்தை விட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

நடுவில் இருப்பவை என்று சொன்னேனே, அதில் முக்கியமானது பித்தளை மாடல்கள். 1950களிலிருந்து ஜப்பானிலும் பிறகு தென்கொரியாவிலும் கையால் பற்றவைத்துச் செய்து, பசிஃபிக் ஃபாஸ்ட் மெயில் போன்ற இறக்குமதியாளர்கள் வழியாக அமெரிக்காவில் விற்ற என்ஜின்கள் இவை. பெரும்பாலானவை பெயின்ட் இல்லாமல், மஞ்சள் உலோகமாகவே வந்தன. பெயின்ட் அடித்தால் விலை போய்விடும் என்ற எண்ணம் பல வருடம் ஆட்சி செய்தது, அதனால் எத்தனையோ அருமையான என்ஜின்கள் கண்ணாடி அலமாரிக்குள் ஓடாமலே கிடந்தன. பிறகு 2000க்குப் பின் பிளாஸ்டிக்கிலும் வார்ப்பு உலோகத்திலும் அதே நுணுக்கத்தோடு, சவுண்டோடு, நல்ல மோட்டாரோடு மாடல்கள் வர ஆரம்பித்ததும் சாதாரணப் பித்தளை என்ஜின்களின் விலை இறங்கிவிட்டது. காத்திருந்தவர்களுக்குக் காத்திருந்ததற்கான பலன் கிடைக்கவில்லை. இன்றைய நிலையில் திறமையான ஒருவர் சுத்தமாகப் பெயின்ட் அடித்த பித்தளை என்ஜினை ஓட்ட விரும்புபவர் எடுத்துக்கொள்கிறார், நிஜத்தில் எந்த என்ஜினும் மஞ்சளாக ஓடியதில்லையே. மிகக் குறைவாகச் செய்த, வேறு எந்த வடிவிலும் கிடைக்காத வகை என்றால் மட்டும் அப்படியே விடுங்கள். மற்றதை நல்ல கையிடம் கொடுத்துப் பெயின்ட் அடித்து ஓட்டுங்கள். நீங்களே முதல்முறையாக ஏர்பிரஷ் பிடித்துப் பழக இது இடமில்லை, அதற்கு பழைய பிளாஸ்டிக் வேகன் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

அட்டைப்பெட்டியில் மூடி வைத்தால் பத்திரம் என்ற நம்பிக்கையையும் கொஞ்சம் கேள்வி கேட்க வேண்டும். அதே பித்தளை மாடல்களோடு வந்த பழைய நுரைப்பஞ்சு வருடங்கள் போகப் போகப் பிசுபிசுத்துப் பொடியாகி, பெயின்ட்டிலும் வார்னிஷிலும் ஒட்டிப் பிடித்துக்கொள்கிறது. ஓடாமலே இருக்கும் என்ஜினில் கிரீஸ் இறுகிப் பல்சக்கரம் நகராது, அதைக் கவனிக்காமல் பவர் கொடுத்தால் மோட்டாரோ பல்சக்கரமோ போய்விடும். இதையெல்லாம்விட மோசமானது துத்தநாகக் கலவையில் வார்த்த பாகங்கள் உள்ளுக்குள்ளேயே சிதைந்து, வீங்கி, வெடித்து நொறுங்குவது. வார்க்கும்போது ஈயம் போன்ற அசுத்தம் கலந்ததன் விளைவு இது, போருக்கு முந்தைய டப்ளோவிலும் மெர்க்லினிலும் உண்டு, சீனாவில் தயாரான அண்மைக்கால மாடல்கள் சிலவற்றிலும் வந்திருக்கிறது. வெப்பமும் ஈரப்பதமும் இதை விரைவுபடுத்தும், சென்னை மாதிரிக் கடலோர ஊரில் இருப்பவர்கள் இதைக் கணக்கில் எடுத்தே ஆக வேண்டும். ஆண்டுக்கு இரண்டு முறையாவது திறந்து பாருங்கள், சிலிக்கா ஜெல் பாக்கெட்டை மாற்றுங்கள், பரணில் வைக்காதீர்கள். கண்ணாடிபோல் புதிதாக வைத்திருந்தவர் திறந்து பார்க்கும்போது சட்டம் வளைந்து மேல்மூடியைப் பிளந்திருப்பதைப் பார்த்தால் மனசு விட்டுப்போகும், அதில் அவர் தப்பு எதுவுமே இல்லை.

ஜப்பானில் 'என்' (N) எனப்படும் சிறிய அளவு மாடல்களில், கை வைப்பதா வேண்டாமா என்ற குழப்பத்தையே தயாரிப்பாளர் நம்மிடம் கொடுத்துவிடுகிறார். காட்டோ, டோமிக்ஸ் மாடல்கள் பலவற்றில் எண் தகடுகளும் எழுத்துகளும் ஒட்டப்படாமல், தனித் தாளாக வரும். தரும் எண்களில் நமக்குப் பிடித்ததை நாமே தேர்ந்து ஒட்ட வேண்டும். அங்கே செகண்ட் ஹேண்ட் விற்பனையில் "உபரிப் பாகங்கள் பயன்படுத்தப்படவில்லை" என்று குறிப்பிடுவது வழக்கம், அப்படியிருந்தால் விலை கொஞ்சம் கூடும். எண் இல்லாத என்ஜினை ஓட்டுவதில் என்ன சுகம் என்று எனக்குப் புரியவில்லை. ஒட்டிவிடுவேன்.

இந்திய ரயில்வே மாடல் வேண்டும் என்பவர்களுக்கு இந்தக் கட்டுரையின் பாதி கேள்விகள் பொருந்தாது. நம் என்ஜின்களுக்கும் கோச்சுகளுக்கும் தயாராகக் கடையில் கிடைப்பவை மிகக் குறைவு, அதனால் வெளிநாட்டு மாடல் ஒன்றின் அடிச்சட்டத்தை எடுத்து, மேல்பகுதியைத் தாமே செய்தோ 3டி அச்சில் எடுத்தோ, டீசல் ஷெட்டின் நிறத்தை அடித்து, பெயரை டெகாலில் எழுதித்தான் ஓட்ட வேண்டியிருக்கிறது. 1676 மில்லிமீட்டர் அகலப்பாதை எச்ஓ அளவில் 19.26 வர வேண்டும், எல்லோரும் 16.5லேயே ஓட்டிக்கொள்கிறார்கள். ஈரோடு ஷெட்டின் டபிள்யூடிஎம்2 டீசல் என்ஜின் வேண்டுமென்றால், அதை வடிவமைத்த அமெரிக்க ஆல்கோ நிறுவனத்தின் வேறு என்ஜின் மாடல் ஒன்றை வெட்டாமல் வழியில்லை. அதற்கு மறுவிற்பனை மதிப்பு குறைந்துவிட்டதா என்றால், அமெரிக்கச் சந்தையில் குறைந்துவிட்டது, இங்கே நன்றாகச் செய்திருந்தால் கேட்பதற்கு ஆள் உண்டு. ஆனால் வெட்டுவதற்கு எடுக்கும் மாடல் விலை குறைந்த, ஏற்கனவே கீறல் பட்ட செகண்ட் ஹேண்டாக இருக்கட்டும். அருமையான பழைய ஆல்கோவை இதற்குப் பலி கொடுக்க எனக்கு மனம் வராது.

மாற்றியதை விற்கும்போது ஒன்றே ஒன்று. என்ன செய்தீர்களோ அதை முழுதாகச் சொல்லிவிடுங்கள்: எண் மாற்றியது, மறுபெயின்ட், டீகோடர் வகை, மாற்றிய சக்கரம், இல்லாமல் போன பாகம். வெயில் வெளிச்சத்தில் நாலாபக்கமும் படம் எடுங்கள், கீழ்ப்பகுதியையும் சேர்த்து. பழைய மாடலுக்கு முழுதாக மறுபெயின்ட் அடித்திருந்தால் உட்புறத்தில் சிறிதாக, அழியாத மையில் "மறுபெயின்ட்" என்றும் ஆண்டையும் எழுதிவிடுங்கள். நீங்கள் நேர்மையாகச் சொல்லித்தான் விற்பீர்கள், உங்களிடம் வாங்கியவர் அடுத்தவரிடம் சொல்வாரா என்பது உங்கள் கையில் இல்லை.